மூன்றடி உயரத்து ஆபத்து

கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கோடை விடுமுறையில் பையன்கள் கிணற்று மேட்டிலிருந்து குதிப்பார்கள். துணிச்சல்காரர்கள் மோட்டார் ரூம் கூரையிலேயே ஏறி நிற்பார்கள். தண்ணீர் முப்பதடி கீழே கிடக்கும். தொப்பென்று விழுந்து, மூழ்கி எழுந்து, ஈரம் சொட்டப் படியேறி வந்து மறுபடியும் குதிப்பார்கள். இதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், ஏரியில் மூன்றடி உயரப் படகிலிருந்து பாய்ந்த இளைஞனுக்குக் கழுத்து முறிந்து, கைகால் விளங்காமல் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் குழம்பத்தான் செய்வார். முப்பதடியில் தப்பித்தவன் மூன்றடியில் எப்படி மாட்டினான்?

கிணறும் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. அதை மறக்கக் கூடாது. ஆனாலும் கேள்வி நியாயமானது. நீரில் பாய்ந்து கழுத்து முறிந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள் உலகெங்கும் ஒரே மாதிரியான படத்தையே வரைகிறார்கள்: பெரும்பாலோர் இளம் ஆண்கள். பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான தண்ணீர். குதித்த உயரமும் பல நேரங்களில் மிகச் சாதாரணம்.

வேகம் எங்கே கரைகிறது?

ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் மேடையிலிருந்து பாயும் வீராங்கனை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார், அதுவும் தலை முன்னாகத்தான். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவருக்குக் கீழே 5 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. நுழைந்த கணத்திலிருந்து நீர் அவரைச் சிறிது சிறிதாகப் பிடித்து நிறுத்துகிறது. அடித்தளம் வரும் முன்பே அவர் உடலை வளைத்து மேலே திரும்பிவிடுகிறார்.

உயரம் தருவது வேகத்தை மட்டும்தான். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் கரைகிறது என்பதைப் பொறுத்தே காயம் அமையும். கிணற்றுப் பையன் பெரும்பாலும் கால் முன்னாக, முழங்காலை மடக்கிக் குதிக்கிறான். மடங்கி அகன்ற உடலைத் தண்ணீர் உடனே தடுக்கிறது. போதாததற்கு, அந்தக் கிணற்றில் இன்றைக்கு எத்தனை ஆள் தண்ணீர் கிடக்கிறது என்பதும், கீழே எந்தப் பக்கம் பாறை துருத்துகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். படகிலிருந்து டைவ் அடிப்பவர் இந்த மூன்றையும் ஒரே பாய்ச்சலில் இழக்கிறார்: தலை முன்னால் போகிறது; உடல் அம்புபோல் நீண்டிருப்பதால் நீரின் தடை குறைகிறது; கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது.

லேக் பவலில் ஒரு பாய்ச்சல்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை பின்தொடர்வோம். இடம், அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் கொலராடோ ஆற்றின் மீது கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்கம். லேக் பவல் என்று பெயர். 1963இல் அணையின் கதவுகள் மூடப்பட்டன. ஏரி முதன்முதலாக நிரம்ப 1980 வரை ஆயிற்று. செம்மணற்பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்ததால் உருவான ஏரி இது. சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கிறது. கோடையில் குடும்பம் குடும்பமாக ஹவுஸ்போட்டுகளிலும் சிறு படகுகளிலும் வந்து தங்குகிறார்கள்.

இங்கே ஒரு சிறு அலுமினியப் படகு. எடை 120 கிலோ. அதன் முன்மேடை நீர்மட்டத்திலிருந்து மூன்றடி உயரம். அதில் 60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர் நிற்கிறார். இவர் கற்பனை ஆள். கணக்கு மட்டும் நிஜம்.

அவர் காலால் உந்தி, சற்றே எழும்பி, தலைகீழாகத் திரும்பிப் பாய்கிறார். விழுவது மூன்றடிதானே என்று தோன்றும். ஆனால் நிற்கும்போது உடலின் எடைமையம் தொப்புளுக்கு அருகே, பாதத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எழும்பியதையும் சேர்த்து, தலை நீரைத் தொடும்போது அந்த மையம் சுமார் ஒன்றேகால் மீட்டர் விழுந்திருக்கும். அதற்குள் வேகம் விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம்.

அவர் பாய்ந்த இடத்தில் நீருக்கடியில் ஒரு பாறைத் திட்டு. அதன் மேல் தண்ணீர் நாலடிக்குச் சற்று அதிகம், 1.3 மீட்டர். நீட்டிய உடலை நீர் மெதுவாகத்தான் தடுக்கும். அந்த ஆழத்தை எட்டும்போதும் தலை விநாடிக்கு 3 மீட்டருக்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நீருக்குள் நுழைந்ததிலிருந்து பாறையை எட்டுவது வரை ஆகும் நேரம், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு.

கழுத்தில் நடப்பது

விநாடிக்கு 3 மீட்டர் என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தலை உச்சியில் மோதும்போது கழுத்து எலும்பு எப்போது முறிகிறது என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் பல ஆண்டுகள் அளந்தார்கள். ஏறத்தாழ இந்த வேகமே முறிவுக்குப் போதும் என்று தெரிந்தது. அரை மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து தலைகுப்புறத் தரையில் விழுந்தால் கிடைக்கும் வேகம் அது. ஒரு நாற்காலி உயரம்!

தலையின் எடை நாலைந்து கிலோ. அது பாறையில் மோதியதும் நின்றுவிடுகிறது. ஆனால் அதன் பின்னால் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட உடல் இன்னும் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் திடீரென்று நின்றுவிட்ட ரயிலில் பின்பெட்டிகள் வந்து முன்பெட்டியை நசுக்குவதுபோல, இரண்டுக்கும் நடுவே கழுத்து மாட்டிக்கொள்கிறது. உச்சந்தலையிலிருந்து முதுகெலும்பின் நீளவாக்கில் இறங்கும் இந்தப் பளுவை அச்சழுத்தம் என்று சொல்லலாம்.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உண்டு. நேராக நிமிர்ந்து நிற்கையில் அவை முன்பக்கமாக மெல்ல வளைந்திருக்கின்றன. அந்த வளைவு அதிர்ச்சியைத் தசைகளுக்கும் தசைநார்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. டைவ் அடிப்பவர் தாடையைச் சற்றே மார்பை நோக்கி இழுக்கிறார். தலை ஏறத்தாழ 30 பாகை குனிந்ததும் அந்த வளைவு மறைந்து, கழுத்து நேரான தூணாகிவிடுகிறது. நேரான தூண் பளுவைப் பகிராது. முழுதாகத் தாங்கிப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் பிதுங்கி உடையும். பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகளின் அருகில்தான் அந்த உடைப்பு. எலும்புச் சில்லு பின்னால் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தை நசுக்குகிறது. எல்லாம் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கழுத்துத் தசைகள் விறைத்துத் தற்காத்துக்கொள்ள அதைவிட நேரம் தேவை. எவ்வளவு பலசாலியானாலும், எவ்வளவு விழிப்பானவரானாலும் அந்த நேரம் கிடைக்காது.

இந்த விளக்கம் உறுதிப்பட்டதில் அமெரிக்கக் கால்பந்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதிராளியைத் தலையுச்சியால் ஈட்டிபோல் முட்டும் வழக்கம் அங்கே இருந்தது. ஜோசப் டோர்க் என்ற எலும்பு மருத்துவர், கழுத்து முறிந்த வீரர்களின் படக்காட்சிகளையும் எக்ஸ்ரேக்களையும் சேர்த்து ஆராய்ந்து, குனிந்த தலையும் அச்சழுத்தமும்தான் காரணம் என்று காட்டினார். 1976இல் அப்படி முட்டுவதற்குத் தடை வந்தது. அந்த ஆண்டில் 34 ஆக இருந்த நிரந்தரக் கைகால் முடக்கம் 1984இல் 5 ஆகக் குறைந்தது. வீரர்களின் உடலில் மாற்றமில்லை. தலை போகும் திசைதான் மாறியது. நான் படித்த விபத்துத் தடுப்புக் கதைகளில் மனதை மிகவும் நெகிழச் செய்தது இது. படகு விளிம்பில் நிற்பவருக்கும் இதே மாற்றம் போதும். அதே இளைஞர் அதே திட்டின் மேல் கால் முன்னாக விழுந்திருந்தால் கணுக்கால் பிசகியிருக்கலாம், குதிகால் எலும்பு உடைந்திருக்கலாம். வலிக்கும், ஆனால் ஆறிவிடும்.

பாறை ஏன் தெரியவில்லை?

ஒளிவிலகல்தான் கண்ணை ஏமாற்றிவிட்டது என்று பலர் சொல்வார்கள். பள்ளியில் படித்த, கிண்ணத்துத் தண்ணீரில் நாணயம் மேலெழுந்து தெரியும் பாடம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒளிவிலகலால் தண்ணீரின் ஆழம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் நாலடி நீர் மூன்றடியாகத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. முழங்கால் அளவுதான் என்று நம்பிக் காலை வைக்கும் நீச்சல் தெரியாதவரை இது சாகடிக்கும். தலைகீழாகப் பாய நினைப்பவரை இது எச்சரிக்கவே செய்யும். எனவே இங்கே குற்றவாளி வேறு.

படகில் நின்று நாலைந்து மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது பார்வை நீரின் மேல் சாய்வாக விழுகிறது. சாய்வு கூடக்கூட, நீர்ப்பரப்பு வானத்தின் ஒளியை அதிகம் திருப்பி அனுப்புகிறது. அடியிலிருந்து வரும் மங்கலான வெளிச்சம் அந்தப் பளபளப்பில் அமுங்கிப்போகிறது. சிற்றலை இருந்தால் சொல்லவே வேண்டாம். வண்டல் கலந்த ஏரியில் ஓரடிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இவையெல்லாம் சேர்ந்து ஆழத்தைப் பற்றிய தவறான தகவலைத் தருவதில்லை; தகவலே தராமல் விட்டுவிடுகின்றன. அந்த வெற்றிடத்தை மனம் ‘ஆழமாகத்தான் இருக்கும்’ என்று நிரப்பிக்கொள்கிறது.

லேக் பவலில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஏரி நிரம்பினால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1,128 மீட்டர். 2023இன் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 1,073 மீட்டருக்கு இறங்கியிருந்தது. 55 மீட்டர் சரிவு! பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். பிறகு மலைகளில் உருகிய பனியால் அதே கோடைக்குள் சுமார் 20 மீட்டர் ஏறியது. போன விடுமுறையில் ஆனந்தமாக டைவ் அடித்த அதே வளைவில் இந்த ஆண்டு பாறைத் திட்டு நாலடிக்குக் கீழே காத்திருக்கக்கூடும். செங்குத்தான பாறைச்சுவர் நேராக நீருக்குள் இறங்குவதால் கீழேயும் அப்படியே போகும் என்று தோன்றும். பல இடங்களில் அது படிப்படியாகத் திட்டுகளாக இறங்குகிறது. இந்த ஏரி அடங்கிய பூங்காப் பகுதியில், பாறைகளிலிருந்தோ கட்டுமானங்களிலிருந்தோ 15 அடியும் அதற்கு மேலும் உயரத்திலிருந்து குதிப்பது சட்டப்படி தடை. மூன்றடிக்குச் சட்டம் எதுவும் சொல்வதில்லை.

காலடியில் நழுவும் மேடை

நம் இளைஞரிடம் திரும்புவோம். அவர் முன்னோக்கி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உந்தும் பழக்கமுள்ளவர். நீச்சல்குளத்துச் சிமெண்டு விளிம்பில் அந்த வேகம் முழுதாகக் கிடைக்கும். காற்றில் இருக்கும் முக்கால் விநாடிக்குள் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போய் விழுவார். படகு கட்டிப்போட்டதல்ல. அவர் அதை உதைக்க, அது பின்வாங்குகிறது. அவர் 60 கிலோ, படகு 120 கிலோ என்பதால், உந்துதலில் மூன்றில் ஒரு பங்கைப் படகு தின்றுவிடும். அவருக்கு மிஞ்சுவது விநாடிக்கு 1.3 மீட்டர். நினைத்ததைவிட அரை மீட்டர் குறைவான தூரத்தில், நினைத்ததைவிடச் செங்குத்தாக நீருக்குள் நுழைவார். செங்குத்து என்றால் தலை நேராக அடித்தளத்தைப் பார்த்திருக்கிறது என்று பொருள். பக்கவாட்டு விளிம்பில் நின்று பாய்ந்தால் படகு சாயவும் செய்யும். கால் வழுக்கித் தாடையோ விலாவோ விளிம்பில் அடிபடுவது அப்படித்தான். படகு எவ்வளவு இலேசோ அவ்வளவுக்கு இது மோசம்.

படகு நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. ஒற்றை நங்கூரம் போட்ட படகு காற்றுக்கேற்ப வட்டமடிக்கும். மதியம் கோல் விட்டுப் பார்த்த ஆழம் மாலை நாலு மணிக்குச் செல்லாது. லேக் பவலின் ஹவுஸ்போட்டுகளை மணற்கரையில் முன்பக்கத்தை ஏற்றி, நங்கூரங்களைக் கரை மணலில் புதைத்து நிறுத்துகிறார்கள். ஆக, படகின் முன்பக்கம் தரை தட்டி நிற்கிறது, பின்பக்கம் ஆழத்தில் மிதக்கிறது. ஒரே படகில் பதினைந்து மீட்டர் நடந்தால் ஆழம் முழுக்க மாறிவிடுகிறது.

எஞ்சினைப் பற்றி ஒன்றே சொன்னால் போதும். ஒருவர் தண்ணீரில் இருக்கும்போது அதை முழுதாக அணைத்துவிட வேண்டும். நியூட்ரலில் விட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. கியர் தட்டுப்பட ஒரு முழங்கை போதும்.

மூச்சு திருடும் குளிர்

ஆழமும் இருந்து, பாறையும் இல்லையென்றால்கூட ஏரிக்கு இன்னொரு ஆயுதம் உண்டு. வசந்தத்தில் காற்று சட்டென்று சூடாகிவிடும். ஏரி சூடாக வாரக்கணக்கில் ஆகும். வெயிலில் வேர்த்தவர் 12, 13 பாகை செல்சியஸ் நீருக்குள் குதித்தால், தோலில் பட்ட குளிர் அவரைக் கேட்காமலே ஒரு பெருமூச்சை இழுக்க வைக்கிறது. அந்த மூச்சு தலை நீருக்குள் இருக்கும்போது வந்தால் உள்ளே போவது தண்ணீர். இதுவே குளிர் அதிர்ச்சி. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். தரையில் ஒரு நிமிடம் மூச்சடக்கக்கூடியவர், குளிர்நீரில் சில விநாடிகளுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறார். முகம் நனைவது இதயத்தை மெதுவாக்கச் சொல்கிறது. உடல் குளிர்வது வேகமாக்கச் சொல்கிறது. இரண்டு கட்டளைகளும் ஒரே சமயத்தில் வர, இதயத் துடிப்பு தாளம் தப்பலாம் என்று 2012இல் அவரும் இதயவியல் ஆய்வாளர் மைக்கேல் ஷாட்டக்கும் விளக்கினார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் படகுக்குப் பக்கத்திலேயே மூழ்கிப்போவதன் காரணங்களில் இது முக்கியமானது.

ஏணி வழியாக மெல்ல இறங்கினால் இந்த அதிர்ச்சி பெருமளவு அடங்கும். தவறி விழுந்துவிட்டால் உடனே நீந்த முயலக் கூடாது. மல்லாந்து மிதந்து, மூச்சு சீராக ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் கையை வீச வேண்டும்.

படகின் பின்புறத்துக் காற்று

2000 ஆகஸ்டில் லேக் பவலில் சகோதரர்களான இரண்டு சிறுவர்கள், ஒரு ஹவுஸ்போட்டின் பின்மேடைக்கு அடியிலிருந்த காற்றிடைவெளிக்குள் நீந்திச் சென்றார்கள். வெளியே வரவில்லை. படகின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகை அந்த இடைவெளிக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். பூங்காத் துறையினரும் அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினரும் படகுகளின் பின்மேடைகளை அளந்தபோது, உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் பத்து லட்சத்தில் 1,200 பங்கு என்ற அளவைப் பல மடங்கு தாண்டிய இடங்கள் இருந்தன. பழைய கோப்புகளைப் புரட்டியபோது, வெறுமனே நீரில் மூழ்கியதாக எழுதி மூடப்பட்ட சில மரணங்களுக்கும் இதே நச்சுதான் பின்னணி என்று தெரியவந்தது.

அதன்பின் பல ஹவுஸ்போட்டுகளில் ஜெனரேட்டர் புகைக்குழாயைப் பின்புறத்திலிருந்து எடுத்து, கூரைக்கு மேல் நிமிர்த்தி வைத்தார்கள். அளவு பெரிதும் குறைந்தது. குதித்து விளையாடும் குழந்தைகள் மூச்சு வாங்க வந்து தொற்றிக்கொள்ளும் இடம் பின்மேடைதான் என்பதால், எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடும்போது அங்கே யாரும் நீந்தக் கூடாது என்பது கட்டாய விதியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முகம் கவிழ்ந்து மிதப்பவர்

பாறையில் மோதிய நம் இளைஞரிடம் திரும்புவோம். அவர் மேலே வந்து, முகம் கவிழ்ந்து அசையாமல் மிதக்கிறார். நண்பர்கள் விளையாடுகிறார் என்று நினைக்கிறார்கள். ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்பில் தண்டுவடம் நசுங்கியவர் பெரும்பாலும் நினைவோடுதான் இருப்பார். சிரிப்புச் சத்தம் அவருக்குக் கேட்கும். கையைத் துழாவித் திரும்பிப் படுக்க முடியாது. வாய் நீருக்குள் இருப்பதால் கத்தவும் முடியாது. கழுத்து முறிவு அவரைக் கொல்லவில்லை. அடுத்த இரண்டு மூன்று நிமிடத்துத் தண்ணீர்தான் கொல்லும்.

அதனால் தலைகீழாகப் பாய்ந்த யாரும் உடனே கையசைக்காவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கப் போகிறவரும் பாயாமல் இறங்கிப் போக வேண்டும். மிதப்பவரின் இரு கைகளையும் அவர் தலைக்கு மேலே நீட்டி, மேற்கைகள் இரண்டும் காதோடு சேர்ந்து தலையைக் கவ்வும்படி அழுத்திப் பிடித்து, அப்படியே உடலை ஒரே கட்டையாக மல்லாக்கத் திருப்ப வேண்டும். அவர் கைகளே கழுத்துக்குப் பட்டையாகிவிடும். மூச்சு இருந்தால் அவசரப்பட்டுப் படகில் இழுத்துப் போடாமல், நீரிலேயே மிதக்கவிட்டுத் தாங்கி உதவி வரும்வரை காத்திருக்கலாம். பலகையோ ஸ்ட்ரெச்சரோ வந்ததும் அதை அடியில் செருகித் தூக்கலாம். மூச்சு இல்லையென்றால் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாம்பட்சம். முடிந்தவரை தலையை நேராக வைத்துக்கொண்டு, உடனே வெளியே எடுத்து, கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி மூச்சுப்பாதையைத் திறந்து, வாயில் காற்று ஊத வேண்டும்.